மண்புழுவுக்கு டார்வின், கரிக்கு அமேசான்: இரண்டு சாட்சிகளும் சொன்னது என்ன?

வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் எழுதுவதையும் பேசுவதையும் கொஞ்ச நாள் தொடர்ந்து கவனித்தால் ஒரு வழக்கம் பிடிபடும். மண்புழு உரம் என்று பேச்சு ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் சார்லஸ் டார்வின் வந்துவிடுவார். பயோசார் என்று ஆரம்பித்தால் அமேசான் காட்டின் கறுப்பு மண் வந்துவிடும். இரண்டையும் கலந்து போட்டால் 'கறுப்புத் தங்கம்', ஆயிரம் வருஷத்துக்கு மண் வளம் குறையாது என்று முடிப்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்புழு உரமும் நல்ல பொருள், பயோசாரும் நல்ல பொருள். என் விமர்சனம் அவற்றின் மேல் இல்லை, அவற்றுக்காக வைக்கப்படும் வாதத்தின் மேல். கூண்டில் ஏற்றப்படும் இரண்டு சாட்சிகளும் பெரிய ஆட்கள்தான். ஆனால் நாம் அவர்கள் வாயில் வைக்கும் வாக்குமூலத்தை அவர்கள் சொல்லவே இல்லை. இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. தப்பான காரணத்துக்காக ஒரு பொருளை நம்பினால், தப்பான இடத்தில், தப்பான அளவில் போடுவோம். இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

டார்வின் பார்த்த புழு எது?

டார்வின் 1837-லேயே லண்டன் புவியியல் சங்கத்தில் மண்புழுக்கள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவருடைய மாமா ஜோசையா வெட்ஜ்வுட் தன் நிலத்தைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் புல்வெளியின் மேல் பரப்பிய சுண்ணாம்பும் நிலக்கரி எரிந்த கட்டிகளும் இப்போது புல்லுக்குச் சில அங்குலம் கீழே கிடக்கின்றன. யாரும் தோண்டிப் புதைக்கவில்லை. புழுக்கள் கீழே இருந்து மண்ணைத் தின்று மேலே வந்து எச்சமாகத் தள்ளத் தள்ள, மேலே இருந்தது மெதுவாகக் கீழே போய்விட்டது.

டார்வின் இதை விடவில்லை. 1842-ல் தன் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் சீமைச் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பினார். 29 வருஷம் காத்திருந்து 1871-ல் குழி வெட்டிப் பார்த்தார். துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தன. 1881-ல் வெளிவந்த அவருடைய கடைசிப் புத்தகம் இந்தப் புழுக்களைப் பற்றியதுதான். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கருக்கு வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் போய் மேலே வருகிறது என்று அதில் கணக்குப் போட்டார். நம் அளவுக்கு மாற்றினால் ஒரு சதுர மீட்டருக்கு வருஷம் இரண்டரைக் கிலோ.

இப்போது கேள்வி. இந்த வேலையைச் செய்தது எந்தப் புழு? நிலத்துக்குள் வளை தோண்டி, மண்ணையே தின்று வாழும் புழு. நம் உரத்தொட்டியில் விடுவது எது? பெரும்பாலும் ஐசீனியா ஃபெட்டிடா, இல்லையென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியே. இவை சாணம், இலைதழைக் குவியல், அழுகும் குப்பை ஆகியவற்றில் மேலாக வாழும் புழுக்கள். மண்ணுக்குள் ஆழமாக இறங்குவது இவற்றின் குணம் இல்லை. குப்பையை உரமாக மாற்றுவதில் கில்லாடிகள். ஆனால் இவற்றைப் பிடித்து வெறும் தோட்டமண்ணில் விட்டால் டார்வின் நிலத்தில் நடந்தது நடக்காது. தின்ன எதுவும் கிடைக்காமல், வெயில் தாங்காமல் பாதி செத்துப்போகும், மீதி இடத்தைக் காலி செய்துவிடும்.

'ஒரு கிலோ புழு வாங்கித் தோட்டத்தில் விடுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்' என்ற அறிவுரையின் ஓட்டை இங்கே இருக்கிறது. புழு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தொழில்காரர்களை அடைத்துவிட்டோம். ஒருவர் சமையல்காரர், இன்னொருவர் கொத்தனார். சமையல்காரரைக் கூப்பிட்டுச் சுவர் எழுப்பச் சொல்கிறோம்.

நம் ஊரில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுவைத் தேடி ஓட வேண்டாம், உள்ளூர்ப் புழுக்களே போதும் என்பது அவர் பல வருஷமாக வலியுறுத்தும் விஷயம். மேல்மட்டத்தில் வாழும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், மண்ணுக்குள் வளை தோண்டும் லாம்பிட்டோ மாரிட்டி, இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பேசுகிறார். லாம்பிட்டோவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு தோட்டத்தில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் கிளம்பியிருந்தால் இப்படி ஒரு புழு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வேண்டியது ஈரம், மூடாக்கு, விஷம் தெளிக்காத மண். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டார்வின் முதலில் கவனித்ததே எரிந்த கட்டிகள் மண்ணுக்குள் இறங்கியதைத்தான். அவரைச் சாட்சிக்கு அழைப்பதென்றால் கரிக்காரர்கள்தான் அழைத்திருக்க வேண்டும்!

கறுப்பு மண்ணில் கரி மட்டுமா இருந்தது?

இரண்டாவது சாட்சி டெர்ரா ப்ரேட்டா. போர்த்துகீசிய மொழியில் கறுப்பு மண். அமேசான் படுகையின் பெரும்பகுதி மண் மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன, புளிப்பேறிய மண். அதன் நடுவே ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கறுப்பு மண். பூர்வகுடிகள் வாழ்ந்த இடங்கள் அவை. பல நூற்றாண்டுகள் கழித்தும் வளம் குறையவில்லை. டச்சு மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966-ல் எழுதிய அமேசான் மண்கள் பற்றிய புத்தகத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் கவனம் இதன் பக்கம் திரும்பியது. சுற்றியிருக்கும் மண்ணைவிடப் பல மடங்கு கரி இதில் இருப்பதை பின்னால் வந்தவர்கள் அளந்து காட்டினார்கள். 2002-ல் பிபிசி எல் டொராடோ கதையோடு சேர்த்து ஒரு ஆவணப்படம் எடுத்தது. தங்க நகரத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைக்காத தங்கம் இந்த மண்தான் என்கிற மாதிரியான கதை. கேட்கவே நன்றாக இருக்கிறது, பரவாமல் இருக்குமா?

இந்தக் கதையைச் சுருக்கும்போது ஒரு தாவல் நடக்கிறது. 'அந்த மண்ணில் கரி இருந்தது. அந்த மண் வளமானது. ஆகவே கரி போட்டால் மண் வளமாகும்.' சாஃப்ட்வேரில் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று எழுதினால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெர்ரா ப்ரேட்டாவில் கரி மட்டும் இல்லை. மீன் முள், விலங்கு எலும்பு, மனிதக் கழிவு, சமையல் மிச்சம், சாம்பல், உடைந்த பானை ஓடுகள் எல்லாம் இருந்தன. அந்த மண்ணின் பாஸ்பரஸும் கால்சியமும் பெருமளவு எலும்பிலிருந்தும் முள்ளிலிருந்தும் வந்தவை. கரி அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது, தானாக உண்டாக்கவில்லை. 2023-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, பிரேசிலின் மேல் ஷிங்கு பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் இன்றும் இப்படிக் கறுப்பு மண் உருவாக்குவதைப் பதிவு செய்திருக்கிறது. குப்பைமேட்டில் மரவள்ளிக் கழிவும் மீன் மிச்சமும் சேர்கின்றன, சாம்பலும் கரியும் சேர்கின்றன. கொஞ்ச வருஷம் கழித்து அங்கே பயிர் வைக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் எருக்குழிதான் ஞாபகம் வந்தது. விறகடுப்புச் சாம்பல், அணைந்த கரித்துண்டு, சாணம், மாட்டுத்தொழுவக் கூளம், மீன் கழுவிய கழிவு, உடைந்த சட்டி என்று எல்லாம் ஒரே குழியில். கோடையில் வண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். அமேசான் மண்ணுக்கு நம்மிடம் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டென்றால் அது அந்தக் குழிதான், பாக்கெட்டில் வரும் சுத்தமான கரித்தூள் இல்லை.

இந்தச் சந்தேகத்தை அமேசானிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனாஸ் நகரத்துக்கு அருகே கிறிஸ்டோஃப் ஸ்டைனரும் குழுவினரும் நெல்லும் சோளமும் மாற்றி மாற்றி நான்கு போகம் வைத்துப் பார்த்த சோதனை 2007-ல் வெளியானது. ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தியைவிட, உரத்தோடு கரியும் போட்ட பாத்தியில் தானிய விளைச்சல் இரட்டிப்பானது. பயோசார் பற்றிய பேச்சில் இந்த வரி அடிக்கடி வரும். வராத வரி இது: நான்கு போகமும் சேர்த்து முதலிடம் பிடித்தது கோழி எரு. உரத்தோடு சேர்ந்தபோதுதான் கரி அந்த வித்தியாசத்தைக் காட்டியது. தனிக் கரியின் வெற்றிக்கதையாக இதைச் சொல்ல முடியாது.

அந்த 25 சதவீதம் யாருக்கு?

'சரி, வெப்பமண்டல நாடுகளில் பயோசார் விளைச்சலை 25 சதவீதம் கூட்டுகிறது என்று ஆராய்ச்சியே சொல்லியிருக்கிறதே' என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறதுதான். சைமன் ஜெஃப்ரியும் மற்றவர்களும் உலகம் முழுவதிலும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டலத்தில் சராசரியாக 25 சதவீத உயர்வு, மிதவெப்ப மண்டலத்தில் சராசரியாகப் பலன் இல்லை என்று வந்தது. தமிழ்நாடு வெப்பமண்டலம்; ஆகவே நமக்கும் 25 சதவீதம். கணக்கு முடிந்தது!

முடியவில்லை. ஏன் அந்த வித்தியாசம் என்பதற்கு அந்த ஆய்வாளர்களே காரணம் சொல்கிறார்கள். வெப்பமண்டலச் சோதனைகள் பெரும்பாலும் புளிப்பேறிய, சத்துக் குறைந்த மண்ணில் நடந்தவை. பயோசார் பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. புளித்த மண்ணில் போட்டால் சுண்ணாம்பு போட்ட மாதிரி வேலை செய்து புளிப்பைக் குறைக்கிறது, கூடவே கொஞ்சம் சத்தும் தருகிறது. அதாவது பலன் வெயிலால் வரவில்லை, மண்ணின் புளிப்பால் வந்தது. வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்பது காரணம் இல்லை.

நம் சமவெளி மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் நிலம், சுக்கான் கலந்த நிலம் என்று பெரும்பகுதி நடுநிலை அல்லது காரம். பி.எச். அளவு 7-க்கு மேல், பல இடத்தில் 8-க்கும் மேல். அதன் மேல் போர்வெல் உப்புத்தண்ணி வேறு. இந்த மண்ணுக்குப் புளிப்பு முறிக்கும் மருந்து எதற்கு? நீலகிரி, கொடைக்கானல் மலைமண், கன்னியாகுமரி மேற்குப்பகுதியின் செம்புறை மண் போன்றவை வேறு கதை. அங்கே புளிப்பு உண்டு, அமேசான் வாதம் அங்கே ஓரளவு பொருந்தும். கடலோர மணலில் தண்ணீர் நிற்காது, அங்கே கரியின் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்து உதவலாம். ஒரே மாநிலத்துக்குள்ளேயே மூன்று பதில் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதுவது என்ன நியாயம்?

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த நிலம் லேசில் பி.எச். மாறாது, ஆகவே கொஞ்சம் பயோசார் போட்டதால் நிலம் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துவதும் மிகைதான். அங்கே கேடு பெரிதில்லை, பலன் சிறிது. ஆனால் 20 லிட்டர் தொட்டிப் பை அப்படி இல்லை. தேங்காய் நார்க்கழிவும் உரமும் கலந்த அந்தச் சின்ன உலகத்தில் சாம்பல் அதிகமுள்ள கரியை அள்ளிப் போட்டால் பி.எச். ஏறும். ஏறினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நாம் அதைச் சத்துக்குறைவு என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி போடுவோம்.

சோறும் பானையும்

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'உரம்' என்று சொல்வதுதான் குழப்பத்தின் வேர். மண்புழு உரம் சோறு. பயோசார் பானை. பானை நல்லதாக இருந்தால் சோறு கெடாமல் இருக்கும், சிந்தாமல் இருக்கும். ஆனால் வெறும் பானையைக் கொடுத்துப் பசியாற்ற முடியாது. புதுக் கரியைச் சும்மா மண்ணில் கலந்தால் நடப்பது இன்னும் மோசம். காலிப் பானை பக்கத்தில் இருக்கும் சோற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்ணிலிருக்கும் நைட்ரஜன் கொஞ்ச நாளைக்குச் செடிக்குக் கிடைக்காமல் போகலாம்.

சோற்றின் அளவையும் கொஞ்சம் பார்ப்போம். வீட்டில் நாளுக்கு அரைக் கிலோ காய்கறிக் கழிவு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்குச் சுமார் 180 கிலோ. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மீதி 36 கிலோவில் பாதி புழுவும் நுண்ணுயிரும் மூச்சுவிட்டே கரியமில வாயுவாகப் போய்விடும். கையில் நிற்பது 18 கிலோ உலர் எடை. நைட்ரஜன் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 270 கிராம். அறுநூறு கிராம் யூரியாவில் இருக்கும் நைட்ரஜன். எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் மெதுவாகக் கிடைக்கிறது, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, குப்பை லாரிக்குப் போக வேண்டியதைச் செடிக்குத் திருப்புகிறது. இவ்வளவு நல்ல காரணங்கள் இருக்கும்போது டார்வினை எதற்கு இழுக்க வேண்டும்?

திரும்பப் பெற முடியாத மாற்றம்

என் முக்கியமான கவலை இதுதான். மண்புழு உரம் தப்பான அளவில் போட்டால் ஒரு வருஷத்தில் மக்கி, கரைந்து, மறைந்துவிடும். மண் மன்னித்துவிடும். பயோசார் அப்படி இல்லை. 2016-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பயோசார் கார்பனில் சுமார் 3 சதவீதம்தான் சில மாதங்களில் சிதைகிறது, மீதி 97 சதவீதம் சராசரியாக 550 வருஷத்துக்கு மேல் நிற்கும் என்று கணித்தது. பருவநிலைக்கு இது நல்ல செய்தி. மரம் இழுத்த கார்பன் காற்றுக்குத் திரும்பாமல் மண்ணில் தங்குகிறது. தோட்டக்காரருக்கோ இது ரோல்பேக் இல்லாத மாற்றம். ப்ரொடக்ஷன் சர்வரில் ரோல்பேக் இல்லாத ஒன்றை டெஸ்ட் செய்யாமல் யாரும் ஏற்ற மாட்டார்கள். மண் விஷயத்தில் மட்டும் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஒரு மூட்டை ஏற்றுகிறோம்.

அளவைக் கவனியுங்கள். வயல்வெளிச் சோதனைகளில் ஹெக்டேருக்கு 10 டன் என்பது சாதாரணமாகப் புழங்கும் அளவு. அது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. 'மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு கரி கலக்கவும்' என்பது வீட்டுத்தோட்டக் குறிப்பு. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் மண் 150 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 15 லிட்டர் கரி. லிட்டர் கால் கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் நாலு கிலோவுக்குப் பக்கம் வருகிறது. சோதனை அளவைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. கையால் பார்த்தால் 'கொஞ்சம்தானே' என்று தோன்றும், கணக்குப் பார்த்தால்தான் உறைக்கும்.

மூலப்பொருளும் அதே மாதிரிதான். பெயின்ட் அடித்த மரம், ப்ளைவுட், ரசாயனம் ஏற்றிய பலகை ஆகியவற்றை எரித்த கரியில் இருக்கும் உலோகமும் கரியோடு மண்ணில் குடியேறிவிடும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரியோ, கொட்டாங்குச்சிக் கரியோ பரவாயில்லை. பசை சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டி வேண்டாம்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் மண் எந்தக் கட்சி என்று பாருங்கள். காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து மேலே வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, பயோசாரால் உங்களுக்குப் பெரிய லாபம் இருக்காது. மண்புழு உரம், மூடாக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நுரைக்காவிட்டால் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து பி.எச். பார்த்துவிடுவது நல்லது.

கரி போடத்தான் வேண்டும் என்றால் நேரே மண்ணில் போடாதீர்கள். துவரம்பருப்பு அளவுக்கு உடைத்து, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, புழுத்தொட்டிக் கழிவோடு பத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் கலந்துவிடுங்கள். ஊறவைப்பது முக்கியம். உலர்ந்த கரியைப் புழுக்கள் ஒதுக்குகின்றன, நனைத்துப் போட்டால் அந்த ஒதுக்கம் குறைகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். உடைக்கும்போதும் நனைத்தே உடையுங்கள், தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. தொட்டியிலேயே பானை நிரம்பிவிடும், செடியின் பங்கை அது பிடுங்காது. கடைசியில் மண்ணுக்குப் போகும் கரியின் அளவும் தானாகவே குறைந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. ஒரே அளவுப் பை ஒன்பது. மூன்றில் வெறும் மண்கலவை, மூன்றில் அதோடு மண்புழு உரம், மூன்றில் அதே அளவு உரத்தோடு கரி. ஒன்பதிலும் ஒரே கீரை விதை, ஒரே வெயில், ஒரே தண்ணீர். அறுத்து எடை போடுங்கள். ஒரே ஒரு பை வைத்துப் பார்த்தால் அது சோதனை இல்லை, அதிர்ஷ்டம். இரண்டு மூன்று போகம் அதே பைகளில் தொடர்ந்தால்தான் பானையின் குணம் தெரியும்.

அமேசான் மக்கள் தங்கள் மண்ணுக்குத் தங்கள் குப்பையை வைத்துப் பதில் கண்டுபிடித்தார்கள். டார்வின் தன் நிலத்தில் 29 வருஷம் காத்திருந்து அளந்தார். அவர்கள் பெயரைச் சொல்கிறவர்கள் அந்த முடிவுகளைக் கடன் வாங்குவதைவிட, அளந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கினால் நம் மண்ணுக்கு நல்லது.